இறங்கினால் கரண்ட்

இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் வருவதில்லை, விளக்கம்தான் வருகிறது. குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று கேட்டால், பூமியில் தண்ணீர் எவ்வளவு குறைந்துபோச்சு என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டால் போனை நீட்டி, இதோ வந்துகிட்டே இருக்கு பாருங்க என்கிறார்கள். பார்த்தால் போனில் வருகிறது, ரோட்டில் வரவில்லை. படித்தவன், படிக்காதவன் பேதமில்லை. எல்லாருக்கும் வாய் நீளம், காது குட்டை. பஞ்சர்க்காரரின் எண்ணம் இது. எண்ணியதை உள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

ஆயுசு முழுக்க மெயின் ரோட்டோரத்தில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பஞ்சர் ஒட்டியவர். கடையை மூடி வருஷங்கள் ஆகியும் பெயர் மட்டும் உரிந்து விழவில்லை. மகன் வெளியூரில் இருந்தான். இவரும் சம்சாரமும் ஆறாவது மாடியில் இருந்தார்கள். அந்த அம்மாளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சமதரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடமாடுவாள். படி என்றால் ஒரு படிகூட ஆகாது. லிஃப்ட் இருக்கிற தைரியத்தில்தான் அந்த உயரத்தில் குடித்தனம்.

முழங்காலுக்கு ஊசி போட அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காலையில் இறங்கும்போது லிஃப்ட் லிஃப்டாகத்தான் இருந்தது. மத்தியானம் திரும்பி வந்தபோது கதவு முழுக்கப் பச்சை இலைப் படம் ஒட்டியிருந்தது. உள்ளே போய் ஆறை அமுக்கப் பார்த்தால் அமுக்குவதற்கு ஒன்றுமே இல்லை. பட்டன்கள் இருந்த இடத்தில் ஒரு தகடு. ஒரு பெண் குரல் மட்டும் தேனாகக் குழைந்தது: "வணக்கம். நீங்கள் ஏற்கெனவே கீழே இருக்கிறீர்கள்."

"அது எங்களுக்கே தெரியும்மா" என்றாள் சம்சாரம் அந்தக் குரலிடம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் ரிப்பனோடு அங்கேயே நின்றிருந்தார். பஞ்சர்க்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா இது, மேல போற பட்டனையெல்லாம் பிடுங்கி வச்சிருக்கீங்க?"

"அண்ணே, இனிமே இது லிஃப்ட் இல்ல. உற்பத்தி நிலையம். தூய ஆற்றல் ஆணையம் நம்ம கட்டடத்தை மாதிரிக் கட்டடமா எடுத்திருக்கு. ஆள் கனத்தோட இறங்கினா லிஃப்ட் மோட்டார்ல கரண்ட் உற்பத்தியாகுது. ஏறினா செலவாகுது. ஆணையம் ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்கு. இறங்குறதுல லாபம், ஏறுறதுல நஷ்டம். அதனால நஷ்டத்தை நிறுத்திட்டாங்க."

"அப்ப ஏறுறவன் எப்படி ஏறுவான்?"

"படி இருக்குல்ல."

"இறங்குறவனும் படியிலயே இறங்கிட்டா?"

செயலாளர் பதறிப்போனார். "அண்ணே, சத்தமாச் சொல்லாதீங்க. அது உற்பத்தி இழப்பு. அபராதம் போடுவாங்க."

சம்சாரம் தன் முழங்காலை ஒரு பார்வை பார்த்தாள், லிஃப்டை ஒரு பார்வை பார்த்தாள். "ஊசி போட்டது எனக்கு. நொண்டிப்போனது இதுவா?" என்றாள்.

அன்று அவளைச் சங்க அறையில் உட்கார வைத்தார்கள். வாட்ச்மேன் ஒரு மடக்குக் கட்டில் கொடுத்தார். அறை நடுவில் அட்டையில் செய்த கட்டடத்தின் மாதிரி ஒன்று, சின்னச் சின்ன பல்புகளோடு. அதற்குப் பக்கத்தில் கட்டில். ஆறாவது மாடி ஜன்னலில்கூட ஒரு பல்பு எரிந்தது. "நம்ம வீட்ல யாரோ இருக்காங்க போல" என்றாள் அவள். பஞ்சர்க்காரர் சிரிக்கவில்லை. மாத்திரை, போர்வை, வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்துவர ஆறு மாடி ஏறினார். நாலாவது மாடியில் உட்கார்ந்தார். ஐந்தாவதில் மறுபடியும் உட்கார்ந்தார்.

நாலு பேரைச் சேர்த்து நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டார். கேட்டவர்கள் எல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார்கள். தன்னையே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரமுடியாதவன் இன்னொருத்தன் சம்சாரத்தை எங்கே தூக்குவான்?

ஆனால் மூச்சுவாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் பஞ்சர்க்காரருக்கு விளங்கவில்லை. இறங்குகிற ஒவ்வொரு தடவைக்கும் ஆணையம் பசுமைப் புள்ளி கொடுத்தது. கனத்துக்குத் தகுந்தபடி புள்ளி. பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் காலையில் நடைப்பயிற்சியை விட்டுவிட்டு வெண்ணெய் சாப்பிட ஆரம்பித்தார். ஒல்லியாக இருந்த மருமகளை ஒரு மாமியார், "உன்னால இந்த வீட்டுக்கு என்ன பிரயோஜனம்" என்று கேட்டது மூன்று மாடிக்குக் கேட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை கனமாக இருக்கிறது என்று முன்பு சண்டை போட்ட அப்பன் ஒருவன், இப்போது பைக்குள் செங்கல் வைத்து அனுப்பினான்.

எல்லாரையும் மிஞ்சியவர் ஏழாவது மாடி டியூஷன் வாத்தியார். அவர் வீட்டுக் குழாயில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடிப்பார். லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுவருவார். சாக்கடையில் கொட்டுவார். காலி டிரம்மோடு படியேறிப் போய் மறுபடியும் பிடிப்பார். அந்த மாதத்தின் சிறந்த உற்பத்தியாளர் என்று அவர் படம் கீழே மாட்டப்பட்டிருந்தது.

பஞ்சர்க்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆணையத்தின் திட்ட அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் அட்டை தொங்குகிற சின்ன வயசுக்காரர். கோபமே வராத முகம். அந்த முகத்தைப் பார்த்தாலே பஞ்சர்க்காரருக்குக் கோபம் வரும்.

"ஏன் தம்பி, அந்தத் தண்ணி எப்படி ஏழாவது மாடிக்குப் போச்சு?"

"மோட்டார் போட்டு ஏத்தினது ஐயா."

"மோட்டார் எதுல ஓடுது?"

"கரண்ட்ல."

"அப்ப கரண்ட் போட்டு ஏத்தின தண்ணியை இறக்கி, கரண்ட் எடுக்குறீங்க."

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "ஐயா, தண்ணி மோட்டார் குடிநீர்த் துறையோடது. அதோட செலவு அவங்க கணக்கு. எங்க கணக்குல உற்பத்தி மட்டும்தான் இருக்கு. அதான் எங்க கணக்கு இவ்வளவு சுத்தமா இருக்கு."

"சரி, சுத்தமா இருக்கட்டும். இத்தனை பேர் இறங்கி இத்தனை கரண்ட் வருதே, அதுல துளி எடுத்து என் சம்சாரத்தை வீட்டுக்கு ஏத்திவிடு. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் அவ இறங்கவே மாட்டா."

"உபரி இருந்தா தாராளமா ஏத்தலாம் ஐயா. உபரி இல்ல."

"வர்ற கரண்ட்டெல்லாம் எங்க போகுது?"

அதிகாரி வாசலைக் காட்டினார். அங்கே சுவரளவுக்கு ஒரு மின்பலகை. இன்று எவ்வளவு உற்பத்தி என்கிற எண் அதில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இலைகள் விழுவதும் முளைப்பதுமாக ஒரு படம்.

"உற்பத்தி எவ்வளவுன்னு காட்டுறதுக்கே உற்பத்தி சரியாப் போயிடுது" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

அடுத்த வாரம் பஞ்சர்க்காரர் ஓயாமல் புகார் கொடுத்ததால் ஆணையம் ஒரு ரோபோவை அனுப்பியது. முட்டியளவு உயரம், பெல்ட் சக்கரம், இரண்டு நீளக் கை. படியேறும், பாரம் தூக்கும் என்று செயலாளர் சொன்னார். பஞ்சர்க்காரருக்கு முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. சம்சாரத்திடம் போய், "இன்னிக்கு வீட்டுக்குப் போயிடலாம், சீலையைச் சரி பண்ணிக்க" என்றார். அவளும் தலைவாரிக்கொண்டு கட்டில் விளிம்பில் தயாராக உட்கார்ந்தாள்.

ரோபோ வந்தது. அவளைத் தாண்டிக்கொண்டு நேராக லிஃப்டுக்குள் போனது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு மேலே போனது.

"இதுக்கு மட்டும் மேல போகுதே" என்றார் பஞ்சர்க்காரர்.

"அது உபகரணம் ஐயா" என்றார் அதிகாரி. "உபகரணம் பணி நிமித்தமா மேல போகலாம்."

"என்ன பணி?"

பணி என்னவென்று மறுநாள் காலையில் தெரிந்தது. ரோபோ மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டியது. திறந்தவர்களிடம், "இன்று நீங்கள் இன்னும் இறங்கவில்லை" என்றது. காய்ச்சல் என்று சொன்னவரைக் கையைப் பிடித்து லிஃப்ட்வரை கூட்டிவந்தது. குளித்துக்கொண்டிருந்தவருக்காகக் குளியலறை வாசலில் காத்திருந்தது. குடியிருப்பவர்கள் அதற்குத் தண்டல்காரன் என்று பேர் வைத்தார்கள். தண்டல்காரனாவது வட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவான், இது ஆளையே அல்லவா கேட்கிறது என்றார் பேங்க்காரர். அப்போது அவருக்கு வயிறு தள்ளியிருந்தது.

பஞ்சர்க்காரர் ஒரு யுக்தி செய்தார். ரோபோ மேலே போகிற நேரம் பார்த்து, சம்சாரத்தை அதன் கைகளின் மேல் உட்கார வைத்துவிட்டார். அவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். ரோபோ அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஏதோ யோசித்தது. பிறகு, "சுமையில் உயிர் இருக்கிறது. மன்னிக்கவும்" என்று சொல்லி, அவளைப் பூப்போலக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டுவிட்டு வந்தது.

"அது சரியாத்தான் செஞ்சிருக்கு" என்றார் அதிகாரி. "உயிர் இருந்தா நுகர்வோர். உயிர் இல்லாட்டி உபகரணம். நுகர்வோரை மேல அனுப்ப விதி இடம் கொடுக்கல."

"அப்ப செத்துப்போனா ஏத்துவீங்களா?"

அதிகாரி கைப்பேசியைத் தடவிப் பார்த்தார். நன்றாகவே தேடிப் பார்த்தார். "அந்த மாதிரி விண்ணப்பம் இதுவரைக்கும் வரல ஐயா. வந்தா பரிசீலிப்போம்."

இதைக் கேட்டுச் சம்சாரம் சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. "எங்க வீட்டுக் கதவு, எங்க வீட்டு பாத்ரூம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்க்கிற அறையில், அட்டைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஒரு பொம்பளை எத்தனை நாள் படுத்துக் கிடப்பாள்? பஞ்சர்க்காரர் வெளியே வந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாதபோது அவர் பல்லைக் கடிப்பார். கடிக்கப் பல்லும் அதிகம் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஆணையத்தின் தலைவர் வந்தார். மாதிரிக் கட்டடத்தை நாட்டுக்கு அர்ப்பணிக்கிற விழா. தலைவர் மேல்மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, அந்தக் கரண்ட்டில் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று ஏற்பாடு. தலைவர் நல்ல கனமான மனுஷர். கார் அவரை இறக்கிவிட்டதும் நாலு விரல் உயர்ந்தது. டயர் எல்லாம் எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று பஞ்சர்க்காரருக்கு அந்த நிலையிலும் தோன்றியது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மேலேயிருந்து இறங்கவேண்டும் என்றால் முதலில் மேலே போகவேண்டும். லிஃப்டில் ஏற்றினால் செய்தியாளர்கள் பார்த்துவிடுவார்கள். படியில் ஏறினால் தலைவர் போய்ச் சேருவது மேல்மாடிக்குத்தானா என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆணையம் இரண்டு கூட்டம் போட்டு முடிவெடுத்தது. காய்கறிச் சந்தையிலிருந்து மூட்டை தூக்குகிற நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். தலைவரைக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இரண்டு கம்பு கட்டி நாலு பேரும் தோளில் ஏற்றினார்கள்.

சங்க அறை ஜன்னல் வழியாகச் சம்சாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு பேர் தூக்கிட்டுப் போறாங்க. ஒருத்தரும் அழக் காணோமே" என்றாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி சாயும்போதெல்லாம் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் அவருக்கு விசிறினார்கள். தூக்கியவர்கள் தாங்களாகவே துண்டால் விசிறிக்கொண்டார்கள். கனம் கூடட்டும் என்று அந்த நாலு பேரையும் நாற்காலியையும் தலைவரோடு லிஃப்டில் ஏற்றிக் கீழே இறக்கினார்கள். கதவு திறந்தது. மேடையில் ஒரு விளக்கு எரிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் அணைந்தும்விட்டது. ஆனால் எரிந்தது, பொய் சொல்லக்கூடாது.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, நான் இன்று என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன். மேலே போனேன். நின்றேன். கீழே வந்தேன். ஒன்றுமே செய்யாமல் ஒளி உண்டாக்க முடியும் என்பதை எங்கள் ஆணையம் நிரூபித்திருக்கிறது. இந்த உடம்பை வீண் சதை என்று டாக்டர்கள் சொன்னார்கள். இன்று அது தேசத்தின் சொத்து. ஏறுவது தனிமனிதரின் பொறுப்பு. இறங்குவது ஆணையத்தின் சாதனை. ஏற்றிவிட்டவர்களை மறந்துவிட்டீர்களே என்று சிலர் கேட்கலாம். மறக்கவில்லை. அவர்களுக்கு டீ சொல்லியிருக்கிறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். வெளிநாட்டில் எட்டுத் துறைகள் சேர்ந்தும் செய்யமுடியாததை ஒரு நாற்காலியால் செய்துகாட்டினோம் என்று அதிகாரி சேர்த்துக்கொண்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

பேச்சு தொடர்ந்தது. மூட்டைக்காரர்கள் நாலு பேரும் நிழலுக்காகச் சங்க அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சொன்ன டீ வரவில்லை. சம்சாரம் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு மூடி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

நாலு பேரில் மூத்தவர், காதோரம் நரைத்தவர், கேட்டார். "நீங்க ஏம்மா இங்க கட்டில் போட்டுப் படுத்திருக்கீங்க? வீடு இல்லையா?"

"இருக்கு. ஆறாவது மாடியில இருக்கு. கால் இங்க இருக்கு."

"யாரும் தூக்கிவிடலையா?"

"எல்லாரும் இறங்குறதுல பிஸியா இருக்காங்கப்பா."

மூத்தவர் பஞ்சர்க்காரரைப் பார்த்தார். பஞ்சர்க்காரர் வாயைத் திறந்தார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத வாய். என்ன வார்த்தை வரும் என்று அவருக்கே தெரியவில்லை. "கேக்கலாமான்னு தெரியல" என்று மட்டும் வந்தது.

"கேக்கவேணாம் பெரியவரே. நாற்காலி சும்மாதானே கிடக்கு" என்றார் மூத்தவர். இளையவன் ஒருத்தன் சம்சாரத்தை ஒரு கண் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களைத் தூக்குறது எங்களுக்கு லீவு மாதிரி. அந்தாளைத் தூக்கினதுல தோள் எலும்பு உள்ள போயிடுச்சு" என்றான்.

"நாலு பேர் தூக்கணும்னா கடைசியிலதான்னு நெனச்சிருந்தேன்" என்றாள் அவள், நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபடி.

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இது ஒத்திகைன்னு வச்சுக்கங்க" என்றான் இளையவன்.

"பாவி, நல்ல வார்த்தை சொல்றான் பாரு" என்று அவன் தலையில் தட்டினாள். கம்பைத் தோளில் ஏற்றினார்கள். வெளியே தலைவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், கூட்டம் முழுக்க அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலி படியேறியதை யாரும் கவனிக்கவில்லை. பஞ்சர்க்காரர் பின்னாலேயே போனார். மூன்றாவது மாடியில் அவர் உட்கார்ந்துவிட்டார், அவர்கள் உட்காரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் தன் சொந்தக் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். மூட்டைக்காரர்கள் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார்களாம். காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவோம் என்று அடம்பிடித்தார்களாம்.

"தூசி எவ்வளவு படிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். பஞ்சர்க்காரர் துடைப்பத்தை எடுத்தார். அவள் குறை சொல்வதைக் கேட்க நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஃபிளாஸ்க், போர்வை, மாத்திரைப் பை இதையெல்லாம் எடுக்கக் கீழே வந்தார். படியில்தான் வந்தார். அபராதம் போடட்டும். திட்ட அதிகாரி காலிக் கட்டிலைப் பார்த்தபடி சங்க அறையில் நின்றிருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஐயா, உங்க சம்சாரம் மேல போயிட்டாங்களாமே. வாழ்த்துகள்."

"வீட்டுக்குப் போயிருக்கா. இதுக்கு என்ன வாழ்த்து?"

"எங்க பக்கத்துலேருந்து யோசிச்சுப் பாருங்க. ஆணையத்துக்கு ஒரு பைசா செலவில்லாம ஒரு முழு ஆள் ஆறாவது மாடிக்கு ஏறியிருக்காங்க. இப்ப அவங்க நிறைச்சு வச்ச பேட்டரி மாதிரி. அவங்க பேரைச் சேமிப்புல சேத்துட்டேன். தலைவர்கிட்ட சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார். இனிமே நடக்க முடியாதவங்க எல்லாரையும் இப்படி மேல சேமிச்சு வைக்கலாம்னு ஒரு புதுத் திட்டமே வரப்போகுது."

"நல்லது" என்றார் பஞ்சர்க்காரர், போர்வையை மடித்துக்கொண்டே.

"ஒரே ஒரு உதவி ஐயா. இந்த மாச இலக்குக்குக் கொஞ்சம் குறையுது. நாளைக்கு அவங்களை ஒரே ஒரு தடவை லிஃப்ட்ல இறக்கிவிட்டீங்கன்னா போதும்."

"அப்புறம் யாரு ஏத்துறது?"

"அது இந்தத் திட்டத்துல வராது."

பஞ்சர்க்காரர் அவரை நிதானமாகப் பார்த்தார். அந்த முகத்தில் குறும்பு இல்லை, கள்ளம் இல்லை, வெட்கமும் இல்லை. கேலி செய்தால்கூடப் பரவாயில்லை, மனப்பூர்வமாகத்தான் கேட்கிறான். ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

அதிகாரி கூடவே வந்தார். "ஐயா, நீங்க இந்தத் தொழில்நுட்பத்தை இன்னும் சரியாப் புரிஞ்சுக்கல."

"புரிஞ்சுது தம்பி. நம்பிக்கைதான் வரல."

"உலகமே இந்தப் பக்கம்தான் போகுது ஐயா."

பஞ்சர்க்காரர் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். அதிகாரி கீழேயே நின்றுவிட்டார், படி அவர் துறையில் வராது. முதல் திருப்பத்தில் பஞ்சர்க்காரர் நின்று மூச்சுவாங்கினார். திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினார்.